சோற்றை விடாமல் நிறை குறைக்க: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

நிறை குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவுடன் எங்கள் ஊரில் முதலில் தண்டனை வாங்குவது சோறுதான். "இண்டையிலிருந்து சோறு இல்லை" என்று திங்கட்கிழமை காலையில் வீடு முழுக்கக் கேட்கும். அதோடு தேங்காய் இல்லை, எண்ணெய் இல்லை, சீனி இல்லை, இரவுக்கு ஒன்றுமே இல்லை. முதல் கிழமையில் ஒன்றிரண்டு கிலோ இறங்கிவிடும். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு தன் மாச்சத்துச் சேமிப்பைக் கரைக்கும்போது அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும் வெளியேறுகிறது, அவ்வளவுதான். ஆனால் தராசைப் பார்த்தவருக்குச் சந்தோசம் பிடிபடாது. மூன்றாம் கிழமை யாராவது வீட்டில் அந்தியேட்டி வரும், இல்லாவிட்டால் பருத்தித்துறையிலிருந்து தட்டைவடை வரும். ஒரு வடையோடு சபதம் உடையும். "இனி என்ன, கெட்டது கெட்டதுதான்" என்று மிச்சப் பையும் அன்றிரவே முடியும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லுவது இதுதான்: கண்டிப்பைக் கடையில் காட்டுங்கள், கோப்பையில் (சாப்பிடும் தட்டில்) அளவைப் பாருங்கள். வீட்டுக்குள் எதைக் கொண்டுவருவது என்பதில் கறாராக இருங்கள். சாப்பிட உட்கார்ந்த பிறகு எதையும் விலக்காமல் அளந்து சாப்பிடுங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அலுமாரி நிறைய மிக்சரும் பிஸ்கற்றும் இருக்கும், மத்தியானக் கோப்பையில் மட்டும் சோறு இருக்காது.

தொடங்க முன்

நீரிழிவுக்கு இன்சுலினோ, கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளோ எடுப்பவர்கள் சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றும். ஆகவே கிளினிக்கில் கேட்காமல் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், முன்பு சாப்பிடாமல் கிடந்தோ சாப்பிட்டதை வாந்தியெடுத்தோ அவதிப்பட்டவர்கள் ஆகியோருக்கு இந்தக் கட்டுரை போதாது. அவர்கள் வைத்தியரோடுதான் பேச வேண்டும்.

மற்றவர்கள் ஒரு தையல் நாடா எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சைச் சாதாரணமாக விட்டபின் அளந்து பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது, நாடா உங்களுக்காகப் பொய் சொல்லாது. தென்னாசியரில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. அதைத் தாண்டினால் நீரிழிவு, இருதய வருத்தம் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து அதன் வர்க்கத்தால் பிரித்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. எங்களுக்கு 23 இலிருந்தே கவனம் தேவை. 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு அது ஏறத்தாழ 59 கிலோ. இந்தக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இப்போதிருக்கும் நிறையில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறைந்தாலே பிறஷரும் சீனியும் நல்ல மாற்றம் காட்டும். 80 கிலோ உள்ளவருக்கு முதல் இலக்கு 75, 76. 59 அல்ல.

கண்டிப்பு எங்கே நிற்கும், எங்கே சறுக்கும்

விலக்கி வாழ்வது எங்களுக்குப் புதிதல்ல. நல்லூர்க் கந்தசாமி கோயிலில் கொடியேறினால் 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்காத வீடுகள் எத்தனை! கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாய் இருப்பவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள். அந்தக் கட்டுப்பாடு ஏன் உடைவதில்லை? முடியும் நாள் முன்கூட்டியே தெரியும். வீடு முழுக்க, ஊர் முழுக்கச் சேர்ந்து செய்கிறது. சாப்பாடு தரும் ஆட்களும் "விரதமோ, அப்ப சரி" என்று விட்டுவிடுவார்கள். "இனிச் சோறே இல்லை" என்ற தனியாள் சபதத்துக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. முடிவு நாளும் இல்லை, துணையும் இல்லை.

அளவுக்கு மீறிப் பட்டினி கிடந்தால் மனம் என்னவாகும் என்பதை அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944, 45 ஆம் ஆண்டுகளில் அன்செல் கீஸ் தலைமையில் பார்த்தார்கள். 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 கிழமைகள் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடம்பு மெலிந்தது. ஆனால் நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவுதான். சமையல் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. கட்டுப்பாடு முடிந்த பிறகு சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் போதாமல் இருந்தது. அது மனவுறுதி இல்லாத கூட்டமல்ல, நல்ல திடகாத்திரமான ஆட்கள்.

எந்தச் சாப்பாட்டை விடுவது என்ற சண்டைக்கும் ஒரு பதில் உண்டு. 2018 இல் வெளியான ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கொழுப்பையும் மற்றப் பகுதியினருக்கு மாச்சத்தையும் குறைக்கச் சொன்னார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சராசரியாக ஒரு பகுதியினர் 5.3 கிலோவும் மற்றவர்கள் 6 கிலோவும் இறங்கியிருந்தார்கள், பெரிய வித்தியாசமில்லை. இரு பகுதியினருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது: சீனியையும் தீட்டிய மாவையும் குறை, மரக்கறியைக் கூட்டு. ஆகவே சோறா, தேங்காயா என்று குற்றவாளி தேடுவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கடுமையான கட்டுப்பாட்டுக்கும் இடம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பிரித்தானியாவில் நீரிழிவுக்காரருக்கு நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி அளவில் சூப்பும் பானமும் மட்டும் மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்த ஆய்வில், ஒரு வருட முடிவில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மருந்தில்லாமலே சீனி கட்டுக்குள் வந்திருந்தது. அதை மருத்துவக் குழு பக்கத்தில் நின்று செய்தது, குளிசைகளை முன்பே நிறுத்தியது, பழைய சாப்பாட்டைப் படிப்படியாகத் திருப்பிக் கொடுத்தது. அதைக் கேள்விப்பட்டு வீட்டில் தனியாகப் பட்டினி கிடப்பது வேறு விசயம். வேகமாக மெலிந்தால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடும்.

முதற்கிழமை: ஒன்றையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு பழைய கொப்பி போதும். வாயில் போவதை எல்லாம் அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். இரவில் யோசித்து எழுதினால் பாதி மறந்துபோகும், அதுவும் வசதியான பாதி. கறிக்கு உப்புப் பார்த்தது, பிள்ளை மிச்சம் வைத்த பாண் துண்டு, கடைக்காரர் ருசி பார்க்கச் சொல்லித் தந்த ஒரு பிடி கச்சான், எல்லாம் சேரும்.

பெரும்பாலான கொப்பிகளில் முதலில் கண்ணில் படுவது தேத்தண்ணி. ஒரு நாளைக்கு ஐந்து தரம், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்று வைத்தால் 40 கிராம், ஏறத்தாழ 160 கலோரி. சேர்க்கும் சீனியை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். போன வீட்டில் தரும் சோடாவும் பணிஸும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. சீனியை ஒரேயடியாக நிறுத்தினால் தேத்தண்ணியில் வெறுப்பு வரும். கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்தால் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: பனங்கட்டியின் மணமும் ருசியும் சீனிக்கு வராது, ஒத்துக்கொள்கிறேன். நிறைக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். சின்னத் துண்டாய்க் கடித்து ஒரு பேணி முழுக்கக் குடிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் அது லாபம்.

இரண்டாங்கிழமை: கடையில் கண்டிப்பு

கொப்பியைப் பார்த்து, தொடங்கினால் நிறுத்த முடியாதவை எவை என்று இரண்டோ மூன்றோ தெரிவு செய்யுங்கள். அதற்கு மேல் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே பட்டியல் வராது. ஒருவர் ஒரு துண்டு சொக்லேற்றோடு எழும்பிவிடுவார், மிக்சர் பக்கற்றைத் திறந்தால் அடி தெரியும்வரை விடமாட்டார். அவருடைய பட்டியலில் மிக்சர்தான் இருக்க வேண்டும். சோடா வகை மட்டும் எல்லோருடைய பட்டியலிலும் இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். குடித்த கலோரி பசியைத் தணிப்பதில்லை. இலங்கையில் விற்கும் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் 2016 இலிருந்து போடப்படுகிறது. சின்ன வட்டம்தான், தேடிப் பாருங்கள்.

இவற்றை "சாப்பிடக் கூடாது" என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். "வீட்டில் வாங்கி வைப்பதில்லை" என்று வையுங்கள். தட்டைவடை ஆசை வந்தால் வெளியே போய், இரண்டு வாங்கி, அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதில் குற்றமில்லை. பை கணக்காய் வாங்கி வந்து அலுமாரியில் வைத்தால் ஒவ்வொரு பின்னேரமும் உங்கள் மனவுறுதிக்குப் பரீட்சைதான்.

இங்கே இரண்டு இடைஞ்சல் வரும். ஒன்று, வீட்டுக்கு வருகிற ஆட்களுக்குத் தேத்தண்ணியோடு வைக்க ஏதாவது வேண்டும். உங்களுக்குப் பிடிக்காத வகை பிஸ்கற்றாய்ப் பார்த்து வாங்கி வையுங்கள், மரியாதையும் கெடாது. மற்றது, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் சொந்தக்காரரின் சூட்கேஸ். அதற்குள் இருக்கும் சொக்லேற்றை வேண்டாம் என்று சொன்னால் மனவருத்தம் வரும். வாங்குங்கள், அன்றைக்கே பிள்ளைகளுக்கும் அயலுக்கும் பங்கிடுங்கள், உங்கள் பங்கை அனுபவித்துச் சாப்பிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் "பிறகு பார்ப்போம்" என்று வைப்பதுதான் வினை.

மூன்றாங்கிழமை: மத்தியானக் கோப்பை

இங்கே ஒன்றையும் விலக்கப்போவதில்லை, போடும் ஒழுங்கை மட்டும் மாற்றப் போகிறோம். வழமையில் முதலில் சோறு குவியும், பிறகு ஓரத்தில் இடம் தேடிக் கறிகள் வரும். இனி மரக்கறியை முதலில் போடுங்கள், கோப்பையில் பாதி. முருங்கையிலை வறை, கீரை, பயற்றங்காய், புடலங்காய், வாழைப்பொத்தி, வல்லாரைச் சம்பல் என்று எதுவானாலும் சரி, இரண்டு வகை இருந்தால் நல்லது. அடுத்துக் கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, கடலை அல்லது பயறு. மிஞ்சும் கால் பங்கில் சோறு. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மரக்கறிப் பக்கத்தில் அல்ல, சோற்றுப் பக்கத்தில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

கால் பங்கு என்றால் எவ்வளவு? உங்கள் பொத்திய கை அளவுச் சோற்றில் ஏறத்தாழ 200 கலோரி இருக்கும். ஓடியாடி வேலை செய்யாத ஒரு பெண்ணுக்கு ஒன்று, பசித்தால் ஒன்றரை. ஆணுக்கு ஒன்றரை, இரண்டு. தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவருக்கும் குருநகரில் வலை இழுப்பவருக்கும் இது காணாது, அவர்கள் கூட்டிக்கொள்ளலாம். இப்போது நான்கு கை அளவு சாப்பிடுகிறவர் நாளைக்கே ஒன்றுக்கு இறங்க வேண்டாம். கிழமைக்கு ஓர் அகப்பை குறைத்தால் போதும். சுண்டால் (அரிசி அளக்கும் பேணியால்) அளந்து உலையில் போடுகிற வீடென்றால் அங்கேயே குறையுங்கள். பானையில் இருக்கும் சோறு எப்படியோ யாருடைய கோப்பைக்காவது வந்துவிடும், பெரும்பாலும் அம்மாவின் கோப்பைக்குத்தான். "வீணாய்ப் போகப் போகுது" என்று கடைசி அகப்பையைச் சாப்பிடுகிற அம்மாமாருக்கு ஒன்று: அதற்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் பழஞ்சோறாகும்.

சிவப்புப் புழுங்கல் அரிசியும் மொட்டைக்கறுப்பனும் வெள்ளைச் சோற்றைவிட நல்லவைதான், நார்ச்சத்து அதிகம், கொஞ்சத்திலேயே வயிறு நிறையும். ஆனால் கலோரியில் பெரிய வித்தியாசமில்லை. நல்ல அரிசி என்று சொல்லி இரண்டு மடங்கு போட்டால் கணக்கு பிழைக்கும்.

மீனுக்குச் செலவு கூடுமே என்று யோசிப்பவர்கள் சூடையும் நெத்தலியும் பாருங்கள். புரதம் போதுமான அளவு இருந்தால் நான்கு மணிப் பசி அவ்வளவு கடிக்காது, மெலியும்போது தசையும் வீணாய்க் கரையாது. சைவக்காரருக்குப் பருப்பு, பயறு, கௌபி, கடலை, தயிர்.

எண்ணெயும் தேங்காயும்

இந்தப் பகுதியைச் சமைப்பவர் வாசிக்க வேண்டும், சாப்பிடுபவர் மட்டும் வாசித்துப் பயனில்லை. எந்த எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 120 கலோரி. நல்லெண்ணெய்க்கும் சலுகை இல்லை, தேங்காய் எண்ணெய்க்கும் இல்லை.

கத்தரிக்காய்ப் பொரியலை நின்று பார்த்தால் விளங்கும். தாச்சியில் எண்ணெய் காய்ந்ததும் வெட்டிய துண்டுகளைப் போடுகிறீர்கள். சிறிது நேரத்தில் எண்ணெய் மட்டம் இறங்கிவிடும், துண்டுகள் மினுங்கும். "எண்ணெய் காணாது" என்று இன்னும் ஊற்றுவீர்கள். கடைசியில் பொன்னிறமாய் எடுத்து வைத்த துண்டை அகப்பையால் அமத்திப் பாருங்கள், குடித்த எண்ணெய் எல்லாம் ஓடி வரும். பொரித்த குழம்பை விடச் சொல்லவில்லை, மாதம் ஒரு தரம் விசேசமாய் வையுங்கள். மற்ற நாட்களில் அதே கத்தரிக்காயை அடுப்பில் சுட்டு, தோலை உரித்து மசித்து, வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சத் தேங்காய்ப்பால், தேசிக்காய்ப் புளி விட்டுச் சம்பலாக்குங்கள். ருசியில் ஒரு குறையும் இல்லை. எனக்குக் கேட்டால் பொரித்ததைவிட இதுதான் மேல்.

தேங்காயை ஒதுக்கினால் யாழ்ப்பாணத்துச் சமையலே இல்லை, ஆகவே ஒதுக்க வேண்டாம். 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்து, ஒரு நேரத்துக்கு ஓரிடத்தில் மட்டும் தாராளமாய்த் தேங்காய் என்று ஒழுங்கு வையுங்கள். மத்தியானம் பால்கறி இருந்தால் வறைக்குத் தேங்காய்ப்பூவைத் தூவுவதோடு நிறுத்துங்கள், சம்பல் அன்றைக்கு வேண்டாம். சொதிக்கு இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் போதும், இறக்கும்போது முதற்பால் ஒரு கரண்டி விட்டால் வாசம் வந்துவிடும். மீன் குழம்பைப் புளியும் மிளகும் தூக்கலாய் வைத்தால் பாலைக் குறைத்தது தெரியாது.

இரவு: பிட்டும் இடியப்பமும்

பகலில் ஒழுங்காய் இருந்தவர்கள் சறுக்கும் இடம் இரவுதான். காரணம் பெரும்பாலும் மத்தியானமே: வீரமாய்க் குறைத்துச் சாப்பிட்டிருப்பார்கள், பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வரும்போது கால் தானாய்ப் படலைக்குப் போகும். நான்கு மணிக்கு அவித்த கடலையோ ஒரு கதலிப் பழமோ சாப்பிடுங்கள். கறுத்தக்கொழும்பான் காலத்தில் பாதி மாம்பழம், சாறாய் அடித்து அல்ல, பழமாய்.

பிட்டில் ஏமாறுவது சுலபம். உதிரியாய் இருப்பதால் அளவு தெரியாது, சம்பலோடு இரண்டு தரம், பழமும் சீனியும் சேர்த்து ஒரு தரம் என்று போய்க்கொண்டே இருக்கும். அரிசி மா, அவித்த கோதுமை மா, குரக்கன் மா எதுவானாலும் 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரிதான். குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் அதிகம் என்பதற்காக அது இலவசமாகிவிடாது. குழைக்கும்போதே அளவைக் குறையுங்கள்: ஆளுக்கு 60, 70 கிராம் மா. வீட்டுச் சுண்டு எத்தனை கிராம் மா பிடிக்கும் என்று ஒரு தரம் தராசில் வைத்துப் பார்த்தால் பிறகு கண்ணளவே காணும். குறைந்த மாவுக்குப் பதிலாய் முருங்கையிலையோ வேறு கீரையோ அரிந்து போட்டுக் கீரைப் பிட்டாய் நீத்துப்பெட்டியில் அவியுங்கள். அளவு கண்ணுக்குப் பெரிதாய்த் தெரியும், வயிறும் நிறையும்.

இடியப்பத்துக்கு எண்ணிக்கை இருப்பதால் வசதி. தட்டில் எடுத்துக்கொண்டு எழும்புங்கள், பெட்டியை மேசையில் வைத்துக்கொண்டு பேச வேண்டாம். ஒடியல் கூழ் நல்லதொரு இராச்சாப்பாடு. மீன், இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஒரு பெரிய கிண்ணத்தோடு நிறுத்தி, பக்கத்தில் பொரியல் வைக்காமல் இருந்தால் அது முழுச் சாப்பாடு.

சபையில்

கலியாணவீடு, சாமத்தியவீடு, அன்னதானம், செத்தவீட்டுக் கிரியைகள். கிழமைக்கு ஒன்று வரும் ஊர் இது. பட்டினியாய்ப் போக வேண்டாம், முதல் கரண்டியிலேயே கட்டு அவிழ்ந்துவிடும். வீட்டில் ஒரு கிண்ணம் சூப்போ இரண்டு கதலிப் பழமோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். "டயற்றில் இருக்கிறன்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் பரிமாறுகிறவருக்கு வேகம் கூடும். மாமி ஒருவர் அகப்பையோடு வருவார்:

"என்ன பிள்ளை இப்பிடி மெலிஞ்சு போனாய்? வருத்தமோ?"

"வருத்தம் ஒண்டுமில்லை மாமி. அந்தக் கத்தரிக்காய்க் கறி நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் போடுங்கோ. சோறு காணும்."

கறியைக் கேட்டு வாங்கியவரிடம் யாரும் சோற்றைத் திணிப்பதில்லை. பாயாசம் என்றால் அரைக் கிண்ணம், அதை ரசித்துக் குடியுங்கள். அப்பளமும் வடையும் இரண்டும் வந்தால் பிடித்த ஒன்றை எடுங்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மச்சம் சாப்பிடாமலே நிறை கூடியவர்கள் பலர். பகல் முழுக்க விரதம், இரவில் வீதியில் ஐஸ்கிறீம், கச்சான், இனிப்புக் கடை. விரதம் இருப்பது உங்கள் பக்தி, அதில் தலையிட மாட்டேன். ஆனால் விரதம் முடித்து உண்ணும் வேளையை இரட்டைச் சாப்பாடாக்காதீர்கள். ஐஸ்கிறீம் திருவிழாவுக்கு இரண்டு நாள் என்று முன்பே குறித்து வையுங்கள், யாரோடு போகிறீர்கள் என்பதையும் சேர்த்து.

கடைச் சாப்பாட்டில் ஒரே வேலை, தொடங்கமுன் பிரிப்பது. கொத்துறொட்டியும் சோற்றுப் பார்சலும் பெரும்பாலும் ஒருவருக்கு மிஞ்சிய அளவு. பாதியை எடுத்து வைத்துவிட்டுக் கை வையுங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகம் பக்கம் போனால் கூழும் குரக்கன் பண்டங்களும் கிடைக்கும். பியரும் சாராயமும் எடுக்கிறவர்களுக்கு: மதுவிலும் கலோரி உண்டு, கிராமுக்கு 7. அதைவிட மோசம் பக்கத்தில் வைக்கும் பைற்ஸ்.

நடையும் தராசும்

கிழமைக்கு 150 நிமிடம் வேகநடை என்பது பொது அளவு. ஆறு மணிக்குப் பண்ணைக் கடற்கரைப் பக்கம் போனால் காற்றும் இருக்கும், துணைக்கு ஆட்களும் இருப்பார்கள். ஒழுங்கைக்குள் நடக்கிறவர்கள் நாய்களுக்கு ஒரு தடி எடுத்துப் போங்கள். நடந்ததற்குக் கூலியாய் இரண்டு பணிஸ் சாப்பிட்டால் நடந்தது போய்விடும். நடையால் இறங்குவதைவிட இறங்கிய நிறை திரும்பி ஏறாமல் பிடித்து வைப்பதில்தான் அதன் உதவி பெரிது. சந்தைக்கு மோட்டார் சைக்கிளை விட்டுச் சைக்கிளில் போவதும் இதில் சேரும்.

தராசில் கிழமைக்கு ஒரு தரம் ஏறுங்கள்: அதே நாள், காலையில், மலசலம் போனபின், சாப்பிட முன். நாள்தோறும் ஏறினால் மனம் கெடும். முதல் நாள் கருவாடும் ஊறுகாயும் சாப்பிட்டாலே உப்பால் தண்ணீர் பிடித்து ஒரு கிலோ கூடக் காட்டும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் அப்படித்தான். கிழமைக்கு அரைக் கிலோ இறங்கினால் நல்ல வேகம். நான்கு கிழமை தொடர்ந்து அசையாவிட்டால் கொப்பியைத் திரும்ப எடுத்து ஒரு கிழமை எழுதுங்கள். எங்கேயோ ஓர் அகப்பை திரும்பி வந்திருக்கும், இல்லாவிட்டால் மெலிந்த உடம்புக்கு இப்போது தேவையே குறைந்திருக்கும். ஒன்றை மட்டும் குறையுங்கள், இரண்டை அல்ல.

ஒரு நாள் அளவு தப்பினால் அடுத்த வேளையைப் பட்டினி போட்டு ஈடு கட்டாதீர்கள். அடுத்த வேளை வழமையான கோப்பைதான்.

மூன்று மாதம் கழித்து ஒரு முறை இரத்தம் சோதியுங்கள். எச்பிஏ1சி பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் போக்கைக் காட்டும், ஆகவே அதற்கு முன் செய்து பயனில்லை. நிறை இறங்க இறங்கப் பிறஷர், சீனிக் குளிசைகளின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம், அதை வைத்தியர்தான் செய்ய வேண்டும். எழும்பும்போது கண் இருட்டுகிறது, கை நடுங்குகிறது என்றால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். குளிசைப் பெட்டியையும் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.